என் ஃபைலில் எழுதியிருந்த காரணம்

சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஃபைல் அறைக் கிராணி நான்; குமாஸ்தா வேலை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது தலைமைத் தாதி ஒரு வேலை கொடுத்தார். அறுத்து எடுத்த பிரசவங்களின் ஃபைல்களை இறக்கி, ஒவ்வொன்றிலும் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும்.

"தேவையில்லாம அறுக்கறமான்னு பார்க்கணுமாம். ஆடிட்லா" என்றார்.

மூன்றாம் நாள் என் முதல் பிரசவத்தின் ஃபைலே கையில் வந்தது. காரணம்: இடுப்பெலும்பு குறுகல்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. என் எலும்பை யார் அளந்தார்கள்? எனக்கு வலிகூட எடுக்கவில்லை. கரங்கான் ஊரிலிருந்து மாமியார், கோயில் ஐயர் நல்ல நேரம் எழுதிக்கொடுத்த சீட்டோடு வந்தார்: புதன்கிழமை, ஒன்பதேகால். டாக்டர் சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒன்பதேகாலுக்கு அறுத்தார். ஃபைலில் காரணம் எழுதும் கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்று என் எலும்பைக் குறுக்கிவிட்டார்.

அதை நம்பித்தான் இப்போதைய டாக்டரம்மாவும், "உங்களுக்கு இந்தத் தடவையும் ஆப்பரேஷன்தான்" என்று சொல்லியிருந்தார். நானும் நாலு வருஷமாக என் உடம்பில் ஏதோ கோளாறு என்றே இருந்தேன்.

கணினியில் 'மற்றவை' என்ற இடத்தில் தட்டினேன்: வலி வரவில்லை. குடும்பம் நல்ல நேரம் கேட்டது.

தலைமைத் தாதி பார்த்துவிட்டார். "ஏம்மா, டாக்டர் எழுதினத நீ மாத்தலாமா?"

"மாத்தல சிஸ்டர். அவர் எழுதினது அங்கயே இருக்கு. பக்கத்துல நடந்தத எழுதியிருக்கேன். கட்டில்ல படுத்திருந்தது நான்தானே?"

"நான் அழிச்சிட்டா?"

"திரும்ப எழுதுவேன்."

என் வயிற்றைப் பார்த்தார். அழிக்கவில்லை.

அன்றைக்கே ஃபைலோடு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். பரிசோதித்துப் பார்த்தார். "இடுப்புல குறை ஒண்ணும் தெரியல. பழைய தையலும் நல்லா இருக்கு. முயற்சி பண்ணலாம். சிக்கல்னா உடனே தியேட்டர், சரியா?"

"சரி டாக்டர். ஆனா அப்ப நிஜக் காரணத்த எழுதுங்க."

மாமியார் விடவில்லை. "ஐயர்கிட்ட ஒரு நேரம் கேட்டு வைக்கிறேன்டி."

"வேணாம் அத்தை. உள்ள இருக்கறது பார்த்துக்கும்."

அது பார்த்துக்கொண்ட லட்சணம், மாதம் நிறைந்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குமேல் முட்டிக்கொண்டு வந்தது. பிரசவ அறையில் மாமியார் கடிகாரத்தைப் பார்த்து அலறினார். "ராகு காலம்டி! நாலரை வரைக்கும் பல்லக் கடிச்சுக்க!"

மலாய்க்காரத் தாதிக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. "தெரான்! தெரான்!" என்றாள், முக்கச் சொல்லி. பல்லைக் கடித்தேன், முக்குவதற்கு. மூன்று நாற்பதுக்கு மகள் பிறந்தாள்.

மாமியார் கரங்கான் முழுக்க நாலு முப்பத்தைந்து என்று சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். ஃபைலில் மூன்று நாற்பது. ஃபைல் என் அறையில் இருக்கிறது.