கேசரிப் பவுடர் கலந்த பால்

எனக்குப் பிறந்ததிலிருந்தே சந்தேகப் புத்தி. தராசுத் தட்டை ஒருமுறை தட்டிப் பார்க்காமல் அரைக் கிலோ மீன்கூட வாங்க மாட்டேன். நாலு வயதில் என் மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தபோது ஊரில் ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். காலையில் பாலைக் குடித்துவிட்டு விளையாடப் போகிறவள் சற்று நேரத்தில் சொறிந்துகொண்டே திரும்பி வருவாள். முதுகிலும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள் கிளம்பியிருக்கும். சில நாள் இரைப்பும் சேர்ந்துகொள்ளும். மூச்சுக்காக அவள் வாயைத் திறக்கும்போது மடியில் போட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டே இருப்பேன்.

முதலில் புதுமடத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மாவைச் சந்தேகப்பட்டேன். பழைய மீனைத் தலையில் கட்டுகிறாள் என்று மீனையே நிறுத்தினேன். பிறகு, பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரியின் கண். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். பெட்டிக்கடைக் கலர் மிட்டாயை வாங்கித் தந்ததற்காக என் கணவரோடு இரண்டு நாள் பேசவில்லை. தடிப்பு மட்டும் தன்பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

கடைசியாகப் பால்காரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் நாலு பேர் பார்க்க, பாலில் என்னத்தையோ கலக்குகிறாய் என்று கேட்டேன். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“ஏம் பால்ல நான் தண்ணிகூட விடல தாயி. நீ அதுல என்னத்தக் கலக்குற, அதச் சொல்லு மொதல்ல.”

குங்குமப்பூதான் கலக்குறேன், விஷமா கலக்குறேன் என்று கத்திவிட்டு அன்றே அவளிடம் பால் வாங்குவதை நிறுத்தினேன்.

குங்குமப்பூக் கதையைச் சொல்ல வேண்டும். நான் மாசமாக இருந்தபோது, கீழக்கரையில் எங்களுக்குப் பழக்கமான வீட்டில், துபாயிலிருந்து வந்தது என்று ஒரு சின்ன டப்பாவில் குங்குமப்பூ கொடுத்தார்கள். பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று பாலில் போட்டுக் குடித்தேன். அவள் கறுப்பாகத்தான் பிறந்தாள். என் மாமியார் வீட்டில் அதைச் சொல்லிக் காட்டாத ஆள் இல்லை. விடுவேனா நான், டப்பா தீரும்வரை பிள்ளைக்கும் கொடுத்தேன். தீர்ந்த பிறகு கடையில் கேசரிப் பவுடர் கண்ணில் பட்டது. வடக்கே மில்லில் வேலை பார்த்த என் கணவர், அங்கே குங்குமப்பூவைக் கேசர் என்பார்கள் என்று எப்போதோ சொல்லியிருந்தார். இடித்த குங்குமப்பூ என்று நினைத்து வாங்கிவிட்டேன். பாலில் போட்டால் அதே மஞ்சள். மணம்தான் இல்லை. விலை குறைந்த சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் ஏமாறாதவள் அங்கே ஏமாந்தேன்.

வேறு ஆளிடம் பால் வாங்கியும் தடிப்பு நிற்காததால் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் மகளைக் கூட்டிப் போனேன். அவர், பிள்ளை தினமும் சாப்பிடுவதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பொடியைக் கொண்டுவரச் சொன்னார். மறுமுறை போனபோது ஒரு டம்ளர் தண்ணீரில் துளி போட்டார். கலக்குவதற்கு முன்பே தண்ணீர் ஆரஞ்சாகிவிட்டது.

“இது குங்குமப்பூ இல்லம்மா. கேசரி கிண்டுறப்ப நிறத்துக்குப் போடுற சாயம். எல்லாருக்கும் இப்படி வராது, சில பிள்ளைகளுக்குச் சேராது. நிறுத்திப் பாருங்க.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை சின்னப் பிள்ளைக்குக் குங்குமப்பூ எதற்கு என்று அவர் கேட்டார். மகள் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கலர் வரட்டும் என்றுதான் என்று சொல்லிவிட்டேன்.

பொடியை நிறுத்திய வாரமே தடிப்பு அடங்கியது. பால்காரம்மாவிடம் போய், தப்பு என்மேல்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவள் பாலை அளந்து ஊற்றினாள். அந்தப் பாலைக் காய்ச்சி வெறும் சர்க்கரை போட்டு மகளிடம் நீட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

“அரிச்சா பரவால்லம்மா. அந்த மஞ்சப் பாலயே தா. நான் கலராகணும்ல.”