பெட்டியோடு கடைக்குப் போன நாள்

குழாய்க்கு வாஷர் வாங்கப் போனாலும் பழையதைக் கழற்றிக் கொண்டுபோகிறவன் நான். வாய் திறந்து கேட்கக் கூச்சம். அதனால் மகளின் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு பழுதானபோது, ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து சி.பி.யூ. பெட்டியையே ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். அனிமேஷன் வேலைக்கான படத்தை அவள் அன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். காலையில் அவளுக்குக் கல்லூரித் தேர்வு இருந்ததால் நான்தான் போக வேண்டியதாயிற்று.

கடைக்காரர் இரண்டு கார்டுகளைத் தன் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே விளையாட்டை ஓட்டிக் காட்டினார். பெரிய கார்டில் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சின்னதில் லேசாகத் திக்கியது.

"இன்னும் என்னண்ணா யோசனை? பெரிசையே எடுங்க" என்றார்.

பின்னால் நின்றவர், "பேக, பேக, சீக்கிரம் சொல்லுங்க சார். பெட்டியெல்லாம் தூக்கிட்டு வந்து பூஜையா போடப் போறீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையாட்டப் போனேன்.

பழுது பார்க்கும் மேசையிலிருந்த பெண் எழுந்து வந்தாள். "கொஞ்சம் பொறுங்க. பெட்டிதான் வந்திருக்கே, இதுலயே போட்டுப் பாத்துடலாம்."

பெரிய கார்டை மாட்டி அதே விளையாட்டை ஓட்டினாள். விசிறி இரைந்தது. திடீரென்று எல்லாம் அணைந்தது. மகளின் படம் அதற்குள்தான் இருந்தது.

"பயப்படாதீங்கண்ணா. இது கேக்குற கரண்டை உங்க பெட்டியால குடுக்க முடியல."

சின்ன கார்டை மாட்டினாள். திரை ஒளிர்ந்தது. விளையாட்டு திக்கித் திக்கிக் கடைசிவரை ஓடியது. மகளின் படமும் திறந்தது. சின்னதையே வாங்கி வந்தேன். மாலையில் அவள் படத்தை அனுப்பிவிட்டாள்.

நாலு பேர் பார்க்கும்போது எனக்காகப் பேச இன்னும் நா எழுவதில்லை. ஆனால் வேறு யாராவது அப்படித் திணறி நின்றால், "கொஞ்சம் பொறுங்க" என்று அவருக்காகச் சொல்லிவிடுகிறேன்.