மெஷினுக்குள் இருந்த விரல்

அந்த மெஷினுக்கு ஒரு பெண்குரல் உண்டு. "விரலை வைக்கவும்" என்று, அடுப்படியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல நிதானமாகச் சொல்லும். ஊருக்குள்ளேயே பேங்கைக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி, ஒரு செல்போனோடு இணைத்து அதை என்னிடம் கொடுத்திருந்தார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் பேட்டைக்குப் பின்தெருவில் மாதம் ஒருநாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முதியோர் பணம் கொடுப்பது என் வேலை. கார்டைச் செருகி, கட்டைவிரலை வைத்தால் பணம். ரேகை பொருந்தாவிட்டால் "மீண்டும் விரலை வைக்கவும்" என்னும். எத்தனை தடவை சொன்னாலும் அதற்குச் சலிக்காது. எனக்குச் சலித்துவிடும்.

அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ரேகையே கிடையாது. பொம்மைக் கம்பெனியில் காய்ந்த பொம்மையின் பிசிறைத் தேய்த்துத் தேய்த்து விரல் வழவழவென்று ஆகியிருக்கும். அப்படி ஒரு பெரியம்மா. எனக்கு முன்னால் கேம்ப் போட்டுப் பதிவு செய்த ஆட்கள், அவருக்கு ரேகை விழவில்லை என்றதும், பக்கத்தில் நின்ற மகளின் விரலை வைத்து வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் மகள்தான் மாதாமாதம் கூடவே வந்து விரலை வைப்பாள். மழைக்காலத்தில் அவள் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள்.

பெரியம்மா தனியாக வந்தார். அவர் விரலை மெஷின் ஏற்கவில்லை. "வூட்ல அரிசியில்ல பாப்பா" என்றார். புதிதாகப் பதிய ஆபீசுக்கு எழுதிப்போட்டேன்.

அடுத்த மாதம் முந்தானைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். வெள்ளைப் பீங்கானில் ஒரு குழந்தைப் பொம்மை. கவிழ்த்துக் காட்டினார். அடியில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. சூளையிலிருந்து வந்தபின் யார் செய்தது என்று தெரிய, ஈரமாக இருக்கும்போதே அவரவர் விரலை அழுத்தி வைப்பது அங்கே வழக்கம்.

"எம்பொண்ணு வெச்சது" என்றவர், மடியிலிருந்து கொஞ்சம் களிமண்ணை எடுத்து அந்தக் குழியில் அழுத்தி, மெல்ல உருவினார். ரேகைகளோடு ஒரு விரல்நுனி வெளியே வந்தது. "வெய்யி பாப்பா."

பயமாகவும் இருந்தது, மறுக்கவும் வாய் வரவில்லை. வைத்தேன். ஈர மண் கண்ணாடியில் ஜில்லென்று ஒட்டியது.

"மீண்டும் விரலை வைக்கவும்."

பெரியம்மா அதை வாங்கி, பொருத்திப் பார்ப்பது போலத் தன் விரலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். "சூளையில வெந்தா எல்லாம் சுருங்கிடும்ல. அதுக்குத்தான அச்சயே பெருசா எடுக்கறோம். எனக்குப் போயி இது மறந்துடுச்சே." அப்புறம் குரல் இறங்கியது. "ஸ்கூலுக்குப் போனப்ப இம்மாந்தான் இருந்துச்சு அவ வெரலு."

நல்லவேளையாக ஆபீசிலிருந்து அனுமதி வந்திருந்தது. அவர் கையை விரித்துப் பார்த்தேன். இடது சுண்டுவிரலில் கொஞ்சம் ரேகை மிச்சமிருந்தது. "இத இப்பவே பதிஞ்சிடலாம் பெரிம்மா. இன்னைக்கே பணம் வாங்கிக்கலாம்."

"அப்ப பழசு?"

"அழிச்சிடுவாங்க."

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "அவ வெரலு இன்னும் அதுக்குள்ளதான் இருக்குதா?"

எனக்குக் கோபம் வந்தது. "அது வெறும் ரேகைதான் பெரிம்மா. எத்தன நாளு பட்டினி கெடப்பீங்க?" என்று கத்தியேவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மீண்டும் விரலை வைக்கவும்" என்றது மெஷின்.

"கேட்டியா பாப்பா?" என்றார் பெரியம்மா. "அது இன்னும் அவளத்தான் கூப்புடுது. அவ செத்துட்டான்னு அதுக்குத் தெரியாது. நானே எதுக்குச் சொல்லணும்?"

மண்விரலை முந்தானையில் முடிந்துகொண்டு, வெறுங்கையோடு போனார். மெஷின் மறுபடியும் கூப்பிட்டது. அணைத்துவிட நினைத்தேன். எனக்குக் கை வரவில்லை.