சூளைக்காரர் வீட்டைப் பிரித்த கதை

வீடு கட்ட வருகிறவனை வெற்றிலைத் தட்டோடு வரவேற்பார்கள். பிரிக்க வருகிறவனை வேலிப்பக்கமாக வந்து போகச் சொல்வார்கள். பழைய வீடுகளைப் பேசி எடுத்து, ஓடும் மரமும் கதவும் கழற்றி விற்கிற கொந்தராத்து என்னுடையது. சீமெந்து வந்து, மட்டக்களப்பு வாவிக்கரையில் எல்லாருக்கும் பழைய வீடு கசந்துபோன காலம் அது. என்னைப்போல் தூசி தின்று பிழைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுங்கள், போதும்.

யாருடைய வீடு?

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுத்தாக வேண்டும். ஆண்பிள்ளை போய் மனைவி வீட்டில் குடியேறுவான். இது தெரியாத ஆளில்லை நான். ஆனாலும் ஏறாவூர்ப் பக்கத்தில் ஒரு மனிதர் அதிகாரமாகப் பேசி வீட்டைத் தந்தார், நம்பிவிட்டேன். நாலு ஓடு கழற்றுவதற்குள் கோயிலுக்குப் போயிருந்த அவர் மனைவி வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. கூரையில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "வீடு என்ட சீதனம். இவரு வந்து குடியேறினவரு. வேணுமெண்டா இவரைப் பிரிச்சுக் கொண்டு போங்க."

சுவரில் வரிகள்

அதன் பிறகு பெண்கள் கூப்பிட்டால்தான் போவேன். செட்டிபாளையத்துப் பூரணத்தக்கா அவராகவே ஆள் அனுப்பினார். புருசனை இழந்தவர், அவருக்கு ஒரே மகள். வீடு இரண்டு அறைதான்.

அக்காவின் தகப்பன் சுண்ணாம்புச் சூளையில் கூலிக்கு நின்றவர். அக்கா பிறந்த வருசம் அந்த வீட்டைத் தொடங்கியிருக்கிறார். சூளையில் கழித்துப் போட்டதைக் ஓலைக் கடகத்தில் சுமந்து வந்து, வருசத்துக்குக் கொஞ்சமாகச் சுவரை உயர்த்தியிருக்கிறார். அக்காவுக்குக் கலியாணம் வந்தபோதுதான் கூரை ஏறியதாம். வாவி மட்டிச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு ஒரு நிறம், கல்குடாவிலிருந்து வந்த கடற்கல்லுச் சுண்ணாம்பு ஒரு நிறம், சாம்பல் கலந்து போனது இன்னொரு நிறம். உட்பக்கம் பூசவில்லை, சுவர் வரி வரியாகத் தெரிந்தது. எத்தனையோ வீடு பார்த்த நான் அப்படி ஒரு சுவரைப் பார்த்ததில்லை. இடுப்பளவில் ஓடிய ஒரு வரியைத் தடவிக்கொண்டே அக்கா சொன்னார்: "இது எனக்குப் பல்லு விழுந்த வருசம் தம்பி. அந்தா, மேல கறுப்பாத் தெரியிறது அம்மா செத்த வருசம்."

மாப்பிள்ளையின் தகப்பன்

அக்காவின் மகளுக்குக் கிரானில் மாப்பிள்ளை பேசியிருந்தது. அவர்கள் சீமெந்து வீடு கேட்டார்கள். வளவோ கையகலம், பழையது நின்றால் புதியதற்கு இடமில்லை. தான் வாய் திறந்தால் சம்பந்தம் முறிந்துவிடும், இந்த வீடே போதாதா என்று பேச்சுவாக்கில் நீங்கள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்றார் அக்கா. வீடு பிரிக்கிறவன் வீட்டுக்காகத் தூது போன கூத்து இந்த உலகத்தில் வேறெங்கும் நடந்திராது.

மாப்பிள்ளையின் தகப்பன் கெட்ட மனிதர் இல்லை. வயல் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், மெச்சினார். வாசல் படலையடியில் நின்று மெதுவாகச் சொன்னார்: "வீடு நல்ல வீடுதான். ஆனா சூளைக் கூலிக்காரன்ட வீட்டுல என்ட மகன் இரிக்கான் எண்டு வட்டைக்குள்ள வயல்காரனெல்லாம் கதைச்சா, நான் எங்க தம்பி போய் நிக்கிற?"

துரை வந்த நாள்

அந்த வாரம் ஒரு துரை, ஒல்லாந்தர் காலத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றை அளந்து படம் வரைய அந்தப் பக்கம் வந்திருந்தார். அவர் வாயால் 'இது இடிக்கக்கூடாத வீடு' என்று ஒரு சொல் வந்தால் கிரான்காரர் மனம் மாறுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை. கூட வந்த கிளாக்கரைப் பிடித்து மன்றாடினேன், கூப்பிடு தூரம்தான் என்றேன். அவர் அதைத் துரையின் காதில் போடவே இல்லை. என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "பெரிய ஆக்கள் கட்டினது பழசானாத்தான் துரை பார்ப்பார். கூலிக்காரன்ட வீடு பழசானா அது வெறும் பழசு, விளங்குதா?"

காசீம் காக்காவின் சம்மட்டி

காத்தான்குடிக் காசீம் காக்கா என்னுடைய தலைமை ஆள்; அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் சம்மட்டியை எடுத்தால் மத்தியானத்துக்குள் எந்தச் சுவரும் படுத்துவிடும். இந்தச் சுவர் படுக்கவில்லை. மேலிருந்து இடித்து வந்தோம். அக்கா கொய்யா மரத்தடியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு வரி போயிற்று. இடுப்பளவுக்கு வந்தபோது காக்கா சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். மிச்சத்தை நான்தான் இடித்தேன். அன்றைக்குப் போல என் தொழிலை நான் என்றைக்கும் வெறுத்ததில்லை. பின்னேரம் முகம் கழுவும்போது காக்கா சொன்னார்: "உம்மா பார்த்துக்கிட்டு நிக்கக்குள்ள புள்ளைய அடிக்கிற மாதிரி இரிந்திச்சி தம்பி. என்னால ஏலாமப் போச்சி."

புது வீடு

இடிந்ததை எல்லாம் புது வீட்டின் நிலத்துக்குள் போட்டு நிரப்பி, மேலே சீமெந்து இழுத்தார்கள். கலியாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார் அக்கா. தரை பளபளவென்று இருந்தது. கிரான்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே கால் வைத்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "மெல்ல மிதிங்க தம்பி. அப்பா கீழ கிடக்காரு."

ஓட்டுக்கும் மரத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்லப் பழகிய எனக்கு, சுவரைப் பற்றி இத்தனை வருசத்தில் சொல்லத் தெரிந்ததெல்லாம் அதை அள்ளிப் போகும் வண்டிக்கூலி மட்டும்தான்.