ஆடு விதைத்த காடு

பட்டியைத் திறந்து வெள்ளாடுகளை வெளியே விட்டதும் கொம்பையா உள்ளே போய்க் குத்தவைத்து உட்காருகிறார். ராத்திரி ஆடுகள் அசைபோட்டுக் கிடந்த இடத்தில், புழுக்கைக்கு நடுவே உடை என்கிற முள்மரத்தின் விதைகள் சிதறிக் கிடக்கின்றன. மரத்தடியில் உதிர்ந்த நெற்றைப் பகலெல்லாம் தின்கிற ஆடு, அசைபோடும்போது கடிபடாத விதையை வாய்வழியே கக்கிவிடும். அதைத்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டுகிறார். வீட்டுக்கு வந்து, தாம் காப்பி குடிக்கிற தம்ளரிலேயே தண்ணீர் ஊற்றி அதில் போடுகிறார். மிதந்தால் சொத்தை, முங்கினால் விதை.

“ஊர்ல உள்ளவன் தம்ளர்ல காப்பி குடிக்கான். இந்த மனுசன் ஆட்டு எச்சியில்லா குடிக்காரு” என்று மனைவி இசக்கியம்மா தலையில் அடித்துக்கொள்வது தினமும் நடக்கிறது.

கொம்பையாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, அறுபத்திரண்டு ஆடு. கறி சாப்பிடமாட்டார், ஆனால் ஆடு விற்பார். ஏன் என்று கேட்டால் “அது வேற, இது வேற” என்பார். வாரத்தில் நாலு நாள் மேலில் கிடப்பது ‘மரம் வளர்ப்போம்’ என்று எழுதிய பச்சை பனியன். எந்த விழாவில் அதைக் கொடுத்தார்களோ, அந்த விழாவில் நட்ட கன்றுகளைத் தின்றதே இவருடைய ஆடுகள்தான் என்று ஊருக்குள் பேச்சு. அதற்கும் நியாயம் வைத்திருக்கிறார். “பாதிதாம்வே தின்னுச்சு. மிச்சம் தண்ணியில்லாம அதாவே செத்துச்சு.”

இப்பேர்ப்பட்டவரை நம்பித்தான் தனலட்சுமி டீச்சர் பதினோரு ஏக்கரை விட்டிருக்கிறார். டீச்சர் பாளையங்கோட்டையில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நாங்குநேரிக்குக் கிழக்கே அவருடைய அப்பா எள்ளும் உளுந்தும் போட்ட செங்காடு, வருஷக்கணக்காகத் தரிசாய்க் கிடந்து, மேல்மண் முழுவதும் மழையோடு போய்ச் சரளையாகிவிட்டது. மூன்று தடவை கன்று வாங்கி நட்டார். டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஒன்றுகூடத் தேறவில்லை.

கொம்பையா ஒருநாள் வரப்பில் நின்றபடியே சொன்னார். “வாங்கி நட்ட கன்னு சொகவாசி டீச்சர். தண்ணி எங்கன்னு கேக்கும். ஆட்டு வாய்க்குள்ள போய்ட்டு வந்தது எதுக்கும் அசராது.”

“பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கச் சொல்லுதீரு!” என்றார் டீச்சர். ஆனாலும் மூன்று தடவை தோற்றவருக்கு நாலாவது தடவைக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒப்பந்தம் வாய்வார்த்தைதான். கோடையில் ஆடுகளை அந்த நிலத்தில் ஒவ்வோர் இரவும் இடம் மாற்றிக் கிடைபோட வேண்டும். கிடையில் விழுகிற விதை போதாத இடத்தில், பொறுக்கி வைத்ததைக் கொம்பையா தூவ வேண்டும். அதன்பிறகு இரண்டு மழைக்காலம் ஓர் ஆடும் உள்ளே போகக் கூடாது. மூன்றாம் வருஷத்திலிருந்து மரத்தடிப் புல்லும், பின்னால் விழப்போகிற நெற்றும் கொம்பையாவின் ஆடுகளுக்கு. “ஒரு ஆடு கால் வெச்சாலும் கம்பிவேலி போட்டுருவேன்” என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுற்றியிருந்த தரிசெல்லாம் மனையாகவும் சூரியத் தகடாகவும் வேலிக்குள் போய்விட்டது. இதுவும் போனால் கொம்பையா அத்தனை ஆட்டையும் விற்றுவிட்டு ஏதாவது கடைவாசலில் காவலுக்கு உட்கார வேண்டியதுதான்.

முதல் மழைக்கே உடை முளைத்தது. சரளைக்குள்ளிருந்து முளைத்தது! மறுவருஷம் முழங்கால் உயரம். கொம்பையா நடையே மாறிப்போய், சீமைக்கருவை முள்ளை வெட்டிச் சுற்றி அடைத்துவிட்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

இரண்டாம் மழைக்காலம் தொடங்க வேண்டிய இந்தப் புரட்டாசியில் ஒரு சொட்டு மழை இல்லை. மேய எங்கேயும் பச்சை இல்லை. உச்சிவெயிலில் கொம்பையா பனைநிழலில் கண்ணசந்த நேரம், மந்தைக்கு முன்னால் போகிற நிறைசினை ஆடு, ராங்கிக்காரி என்று பெயர், முள்ளை விலக்கி உள்ளே நுழைந்துவிட்டது. அவர் ஓடிப் போவதற்குள் பதினேழு கன்றுக்குத் தலை இல்லை.

“ஏளா, குடியக் கெடுத்துட்டியேளா!” என்று கம்பை ஓங்கினார். அதன் வயிற்றைப் பார்த்தார். கம்பைக் கீழே போட்டுவிட்டு அங்கனயே உட்கார்ந்து அழுதார்.

பார்த்தவர் யாருமில்லை. “முயலு தின்னுட்டுன்னு சொல்லுங்க” என்றாள் இசக்கியம்மா. நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் போன் போட்டார்.

“டீச்சர், ஆடு உள்ள போயிட்டு. எங்க ஆடுதான். பதினேழு கன்னு.”

“நேர்ல வாரேன்” என்று டீச்சர் வைத்துவிட்டார்.

வந்தது ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த பிறகுதான். பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையோடு விறுவிறுவென்று நடந்தார். கொம்பையா நாலடி பின்னால். கடிபட்ட ஒவ்வொரு கன்றிடமும் டீச்சர் குனிந்து பார்த்தார். கடித்த இடத்துக்குக் கீழே புதுத்தளிர் விட்டிருந்தது. சிலதில் இரண்டு, சிலதில் மூன்று.

“இது செத்துரும்னுல்லா நெனச்சேன்” என்றார் கொம்பையா. அவருக்கும் அது புதுச்செய்திதான்.

“வேலிக்கு ஆள் சொல்லி வெச்சிருக்கேன், தெரியுமா?” டீச்சர் திரும்பாமலே கேட்டார்.

“தெரியாது டீச்சர்.”

டீச்சர் ஒரு கன்றின் பக்கத்தில் பைய உட்கார்ந்தார். விரலால் தளிரைத் தொட்டுப் பார்த்தார். “மூணையும் விட்டா புதராத்தான போவும்? எதைய்யா வைக்கணும்?”

கொம்பையா இடுப்பைத் தடவினார். கத்தி வீட்டில் கிடந்தது. இரண்டு கையையும் ஈரமண்ணில் ஊன்றினார். கழுத்தை நீட்டி, ஓரத்துத் தளிர் இரண்டையும் முன்பல்லால் நறுக்கென்று கடித்தெடுத்தார். நடுத்தளிர் நின்றது.

டீச்சர் குடைநுனியால் அடுத்த கன்றைக் காட்டினார். கொம்பையா எழுந்திருக்காமல், மென்றுகொண்டே, நாலு காலில் அதை நோக்கி நகர்ந்தார்.