சந்தனம் பூசாத தலை

சந்தனம் பூசாத அந்த மொட்டைத் தலை இன்றும் என் கண்முன் நிற்கிறது. எங்கள் திருத்தணியில் மொட்டைத் தலையைப் பார்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. வேண்டுதல்தான் என்று முடிவுகட்டி, பிரசாதத்துக்குக் கையை நீட்டிவிடுவோம். நான் பாவா என்று கூப்பிடும் என் அக்காவின் கணவரும் அன்று அதைத்தான் செய்தார். வேறு யாராவது செய்திருந்தால் மறந்தே போயிருப்பேன்.

பாவாவுக்குச் சோறு இல்லாவிட்டாலும் வாதம் வேண்டும். சென்னைக்கு வேலைக்குப் போகும் காலை ரயிலில் அவரும், எதிர் சீட்டில் உட்காரும் அம்மையார்குப்பத்து நண்பரும் மோத ஆரம்பித்தால் அரக்கோணம் தாண்டியதே எங்களுக்குத் தெரியாது. "அவன் சொன்னா பொய்யாத்தான் இருக்கும்" என்று யாராவது வாய் விட்டால் போச்சு. "ஆளை உடு. சொன்னது சரியா, அத்த பாரு" என்பார் பாவா. பிளாட்பாரம் ஈரமாக இருக்கிறதே, மழை பெய்ததா என்று கேட்டாலும் விடமாட்டார். "கழுவி உட்டிருக்கக் கூடாதா? வேற காரணம் இருக்கக் கூடாதா?" எரிச்சலாக வரும். ஆனால் பல சமயம் வேறு காரணம் இருக்கத்தான் செய்தது.

ஒருமுறை அந்த நண்பர் சில வாரங்கள் வரவில்லை. பிறகு ஒரு நாள் மொட்டையோடு ஏறினார். பாவா குஷியாக அந்தத் தலையைத் தட்டி, "இன்னாபா, சொல்லாமயே மலைக்குப் போயி வந்துட்டியா? பஞ்சாமிர்தம் எங்க?" என்று கையை நீட்டினார்.

"அம்மா பூட்டாங்கபா" என்றார் நண்பர்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாவா அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதத்திலிருந்து நண்பர் அந்த ரயிலில் வரவில்லை.

ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். அம்மையார்குப்பம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? பாவா அதற்கும் தர்க்கம் வைத்திருந்தார். "கோவம் இல்லன்னா வந்திருப்பான். வரல. அப்ப கோவம்தான். கோவமா இருக்கறவன் வீட்டுல போய் நின்னா இன்னும் நோவும்." கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. அதன்பின் ரயிலில் அவர் யாரிடமும் வாதம் செய்யவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த மௌனம் எனக்குப் பழகவேயில்லை.

இந்த ஆடியில் பாவா போய்விட்டார். பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துவிட்டு, காரியத்தன்று அந்த நண்பர் வந்தார். அன்றைய கோபம்தான் அவரை ரயிலிலிருந்து இறக்கியதா என்று கேட்டுவிட்டேன்.

"கோவமா? எனக்கின்னா கோவம் தம்பி? அரக்கோணத்துலயே வேலை கெடச்சிது, வண்டி நேரம் மாறிப்போச்சி. அவரு தேடினு வருவாருன்னு பாத்துகினே இருந்தேன்."

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது, செத்துப்போனவர் மேல். வேற காரணம் இருக்கக் கூடாதா என்று ஊரையெல்லாம் கேட்ட அந்த ஒரு கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளாமலே போய்விட்டாரே!

அக்கா மகன் தலை மழித்துக் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து நின்றான். நண்பர் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. சந்தனம் பூசாத அந்தத் தலையில் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.