தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவள்

ஹாலிஸ் டிட்மர் காரை நேரே வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. இரண்டு தெரு தள்ளி மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, "ஹலோ! நான் ஹாலிஸ், தலைமை அலுவலகத்துலேர்ந்து வர்றேன்" என்று சொல்லிப் பார்ப்பாள். முதல் முறை குரல் கீச்சென்று வரும். அடுத்த முறை இழவு சொல்ல வந்தவள் போல இருக்கும். அதற்கப்புறம் சுமாராகத் தேறும். வாயில் ஓர் இஞ்சி மிட்டாயைப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்புவாள். மிட்டாய் குமட்டலுக்கு.

வயது இருபத்திரண்டு. மே மாதம் பட்டம் வாங்கினாள், ஆகஸ்ட்டில் வேலை. கல்லூரியில் எந்த மாணவியர் சங்கத்தில் சகோதரியாகச் சேர்ந்தாளோ, அதே சங்கம் இப்போது சம்பளம் கொடுத்து அவளை ஊர் ஊராக அனுப்புகிறது. நாடு முழுக்க அதற்குக் கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பெரிய வீடு, முகப்பில் கிரேக்க எழுத்துகள், உள்ளே அறுபது எழுபது பெண்கள். அவர்களோடு சில நாள் தங்கி, கிளை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் ஹாலிஸின் வேலை. அவளுக்கென்று வீடு இப்போது கிடையாது. இரண்டு பெட்டியும் ஒரு வாடகைக் காரும் உண்டு.

நெடுஞ்சாலையில் லாரி ஒட்டி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அதைவிடப் பெரிய பயம் சாப்பாட்டுக் கூடம். அவள் நுழைந்ததும் கலகலவென்றிருந்த பேச்சு சட்டென்று அறுந்துபோகும். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். எந்த மேசைக்குப் போனாலும் யாராவது ஒருத்தி முதுகை நிமிர்த்திக்கொள்வாள். "யாரும் தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்துத்தான் ஹாலிஸ் எதையும் கேட்பாள், உப்பு வேண்டுமென்றாலும்கூட. மின்னசோட்டாவிலிருந்து அம்மா கூப்பிட்டால், "எல்லாம் நல்லாத்தான் போகுதும்மா" என்பாள். அப்போது பெரும்பாலும் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருப்பாள்.

அக்டோபரில் நெப்ராஸ்காவில் ஒரு கிளைக்குப் போனாள். அங்கே தலைவி காம்ரின் வோஸ். வாசலிலேயே கட்டிக்கொண்டாள். பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்ட சில்லியைக் கிண்ணம் நிறைய ஊற்றி, அந்த ஊர் வழக்கப்படி பக்கத்திலேயே இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியையும் வைத்தாள்.

"ரொட்டிய அதுல தொட்டுச் சாப்பிடு. மூஞ்சியச் சுளிக்காதே, எங்க ஊர்ல இது சாமி பிரசாதம் மாதிரி."

ஹாலிஸ் தொட்டுச் சாப்பிட்டாள். நன்றாகவே இருந்தது. இந்த வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை என்று முதல் முறையாக நினைத்தாள்.

சனிக்கிழமை மதியம் கால்பந்து ஆட்டம். பெண்கள் எல்லாரும் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். தலைவலி என்று சொல்லி ஹாலிஸ் மாடியில் படுத்திருந்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அப்போது எங்கோ ஒரு கைபேசி அலறியது. நின்றது. மறுபடி அலறியது. எழுந்து கீழே போய்ப் பார்த்தாள். கூடத்து அலமாரியில், துண்டுகளுக்கு அடியில் ஒரு தலையணை உறை. உள்ளே ஐந்தாறு கைபேசிகள். ஒன்றின் திரையில் சிவப்பாக ஓர் எண், பக்கத்தில் கீழ்நோக்கி அம்பு. ஹாலிஸின் கல்லூரி அறைத்தோழிக்குச் சர்க்கரை நோய்; தோலில் ஒட்டிய ஒரு கருவி சர்க்கரை அளவைக் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்த அலறல் எதற்கென்று ஹாலிஸுக்குத் தெரியும். இந்தக் கைபேசிக்காரியின் உடம்பில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவள் எங்கே?

"யாராவது இருக்கீங்களா?" என்று ஹாலிஸ் குரல் கொடுத்தாள்.

படிக்கட்டில் காம்ரின் நின்றாள். அவளும் ஆட்டத்துக்குப் போயிருக்கவில்லை.

"அதக் கீழ வை ஹாலிஸ். சும்மா அலாரம்."

"இது யாரோடது?"

"புதுசா சேர்ந்த பொண்ணுங்களோடது. அவங்களுக்கு இன்னிக்கு ஒரு சின்ன மௌன விரதம். எல்லாக் கிளையிலயும் நடக்கறதுதானே? உனக்குத் தெரியாததா?"

"எங்க இருக்காங்க?"

காம்ரினின் கண் ஒரு கணம் அடித்தளக் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது.

ஹாலிஸ் அந்தக் கதவைத் திறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் இருந்த அறையில் ஐந்து பெண்கள் நெற்றியைச் சுவரில் ஒட்டி வரிசையாக நின்றார்கள். காலையிலிருந்து நிற்கிறார்களாம், அதைப் பிறகுதான் சொன்னார்கள். கடைசியில் நின்றவள், மாரிட் என்று பெயர், வியர்வையில் குளித்திருந்தாள். ஹாலிஸ் தோளைத் தொட்டதும் துணி மாதிரி சரிந்தாள்.

"ஜூஸ்! யாராவது ஆரஞ்சு ஜூஸ் கொண்டு வாங்க!"

நான்கு பேரும் திரும்பவே இல்லை. பேசவும் நகரவும் அனுமதி இல்லையே. ஹாலிஸே சமையலறைக்கு ஓடிக் கொண்டுவந்தாள். மாரிட்டால் விழுங்க முடியவில்லை, கடைவாயில் வழிந்தது. ஹாலிஸ் தன் கைபேசியை எடுத்தாள். பின்னாலேயே இறங்கி வந்திருந்த காம்ரின் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆம்புலன்ஸ் வந்தா விஷயம் வெளிய தெரிஞ்சு வீட்டையே மூடிடுவாங்க. அறுபத்தி மூணு பேரு எங்க போவோம்? நீ எங்க சகோதரி ஹாலிஸ். அஞ்சு நிமிஷம் பொறு, சரியாயிடும்."

ஹாலிஸ் அழுதுகொண்டிருந்தாள். மூக்கு ஒழுகியது. "யாரும் தப்பா நினைச்சுக்காதீங்க" என்று பழக்கத்தில் வாய் சொன்னது. கையை உதறிவிட்டு அவசர உதவி எண்ணை அழுத்தினாள்.

மாரிட் பிழைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மறுநாள் ஹாலிஸ் பூவோடு பார்க்கப் போனாள். மாரிட் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் கூப்பிட்டீங்க? நானே ஒத்துக்கிட்டுத்தான் நின்னேன். இப்ப என்னாலதான் வீடு மூடுதுன்னு எல்லாரும் பேசறாங்க. ஒருத்தியும் என்னப் பாக்க வரல."

"நான் வந்திருக்கேன்ல?"

"நீங்க நாளைக்குப் போயிடுவீங்க."

அது உண்மை. பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல், நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள். அன்று மாலையே தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக்குத் தடை வந்தது. ஹாலிஸ் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இறங்கியபோது கூடத்தில் பெண்கள் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். காம்ரின் மட்டும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், மரியாதையாக.

அம்மா கூப்பிட்டாள். "எல்லாம் நல்லாத்தான்..." என்று தொடங்கியவளுக்கு மேலே வரவில்லை. "வந்துடும்மா, வேலைய விட்டுட்டு வந்துடு" என்றாள் அம்மா. "அடுத்த வாரம் கான்சஸ் கிளைக்குப் போகணும்மா" என்றாள் ஹாலிஸ்.

கான்சஸ் வீட்டில் பெண்கள் வாசலில் கூடிக் கைதட்டிப் பாடி வரவேற்றார்கள். தலைவி பெட்டியை வாங்கிக்கொண்டு, "உங்க ரூம் மாடியில. முதல்ல சாப்பிடறீங்களா, குளிக்கறீங்களா?" என்றாள். ஹாலிஸ் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அடித்தளத்துக்குப் போகும் கதவு எது என்று கேட்டாள். பாட்டு பாதியில் நின்றது. யாரோ கையைக் காட்டினார்கள். கதவைத் திறந்து, இருட்டுக்குள் கையை நீட்டி, விளக்குப் பொத்தானைத் தடவித் தேடினாள்.